சென்சர் பூட்டிய பழைய ஹெட்செட்டை வாங்கலாமா?

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். மெய்நிகர் காட்சிக்குள் வேலை செய்பவரின் மனச்சுமையை அளப்பதுதான் என் ஆய்வு. பாவித்த ஹெச்பி ரிவேர்ப் ஜி2 ஒம்னிசெப்ட் ஹெட்செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாடித்துடிப்பு, கண்மணி எல்லாவற்றையும் அதுவே அளக்குமாம். அதை வாங்கலாமா, அல்லது என்னிடமுள்ள குவெஸ்ட் 3 ஹெட்செட்டுடன் ஸ்மார்ட் வோச் போதுமா?
– மாணவி, உவர்மலை, திருகோணமலை

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி. ஒம்னிசெப்டில் அந்தச் சென்சர்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அது விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற மெய்நிகர் மென்பொருளை நம்பி ஓடுவது. அதை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. விற்பவருடைய கணினி அதற்கு முந்தைய 23எச்2இல் இருந்தால் நன்றாகவே ஓடிக் காட்டும். உங்களுடைய லெப்டொப் புதிய பதிப்பில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே சிக்கல்.

ஹெட்செட்டுக்குக் குவெஸ்ட் 3 போதும்; வோச்சுக்குப் பதிலாகத்தான் மார்புப் பட்டி வேண்டும். அதில் கண்ணைத் தொடரும் கெமரா இல்லை; பெரிய இழப்பும் இல்லை. கண்மணி முதலில் வெளிச்சத்துக்குத்தான் சுருங்கி விரியும். காட்சி சற்று இருண்டாலே மனச்சுமை கூடியதுபோல் இலக்கம் காட்டும்.

வோச் வெளிச்சத்தால் மணிக்கட்டில் துடிப்பைப் பார்க்கிறது. கொன்ட்ரோலரோடு கை ஆடும்போது அது குழம்பும். அதோடு பல வோச்சுகள் சராசரியை மட்டுமே வெளியே தரும். உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம், அதாவது ஆர்-ஆர் இடைவெளி. அந்த இடைவெளிகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதை வைத்துத்தான் மனச்சுமையைக் கணக்கிடுவார்கள். போலார் எச்10 போன்ற மார்புப் பட்டி அதை மில்லிசெக்கனில் தரும். எந்தப் பட்டியென்றாலும் காசு கொடுக்குமுன் போனில், புளூடூத் கருவி அனுப்புவதைக் காட்டும் என்ஆர்எஃப் கனெக்ட் செயலியால் இணைத்துப் பாருங்கள். துடிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஆர்-ஆர் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கடையில் பில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுப்பது சட்டம். மறுத்தால் 1977க்கு அழைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

பட்டியின் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்து, மார்புத் தசைகளுக்குச் சற்றுக் கீழே இறுக்கமாகக் கட்டவேண்டும். காய்ந்திருந்தால் துடிப்பு தவறும். 800, 810, 1610, 790 என்று வந்தால் அந்த 1610 ஓர் இடைவெளியல்ல. நடுவில் ஒரு துடிப்பு விடுபட்டு இரண்டு இடைவெளிகள் ஒட்டிக்கொண்டவை. திருத்தாமல் கணக்கிட்டால் ஐந்து நிமிடப் பதிவு முழுவதும் பாழ். பாவித்து முடிந்ததும் சென்சர் குமிழைப் பட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளேயிருக்கும் சிஆர்2025 பெற்றறி வீணாக இறங்கும்.

ஆளை முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் இருத்திப் பதிவெடுங்கள். பிறகு வேலை, அதுவும் ஐந்து நிமிடம். ஒப்பிடவேண்டியது அதே ஆளின் இரண்டு பதிவுகளைத்தான். பேச்சு மூச்சை மாற்றும், மூச்சு இடைவெளியை மாற்றும். ஆகவே இரண்டு வேளையும் வாய் திறக்கக்கூடாது. வருமுன் பிளேன்ரீ, கோப்பி வேண்டாம். ஹெட்செட் நேரமும் பட்டியின் நேரமும் ஒத்துப்போகாதது அடிக்கடி வரும் தொல்லை. தொடக்கத்தில் பட்டியை மூன்று முறை தட்டி, அதே கணத்தில் காட்சிக்குள்ளும் ஒரு குறி பதியுங்கள். எச்10இல் அசைவு சென்சரும் உண்டு, அதன் வரைபடத்தில் மூன்று தட்டும் மூன்று முள்ளாகத் தெளிவாக நிற்கும்.

துடிப்பு மட்டும் மனச்சுமை என்று சொல்லாது, தலைசுற்றினாலும் மாறும். ஆகவே ஹெட்செட்டைக் கழற்றியதும், வேலை எவ்வளவு சுமையாக இருந்ததென்று ஆளே குறிக்கும் நாசா-டிஎல்எக்ஸ் படிவத்தை நிரப்பச் செய்யுங்கள். 1988இல் வெளியான ஆறு அளவுகோல்கள், காசில்லை. ஒன்றில் கவனம்: செயற்பாட்டு அளவுகோலில் இடப்பக்கம்தான் நல்லது. பலர் தலைகீழாகக் கோடு போடுவார்கள், முதலே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விரலில் மாட்டும் வியர்வைச் சென்சரும் எடுக்கட்டா?

பதில்: ஏசி அறை கிடைத்தால் மட்டும். கச்சான் வீசும் மாதங்களில் ஃபேனுக்குக் கீழே இருந்தாலே உள்ளங்கை நனைந்துவிடும். வெக்கை வியர்வையையும் பதற்ற வியர்வையையும் பிரிக்க வழியில்லை. ஏசியிலும் பத்து நிமிடம் ஆறவிட்டுத் தொடங்குங்கள். கொன்ட்ரோலர் பிடிக்காத கையில் மாட்டுங்கள். இரண்டு கையும் வேண்டிய வேலையென்றால் உள்ளங்காலில் ஒட்டலாம், ஆள் கதிரையிலிருந்து எழும்பக்கூடாது.