இருந்த ஒரே கார்த் திறப்பும் தொலைந்துவிட்டதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கனடாவுக்கு வந்து ஒரு குளிர்காலம் கூட முடியவில்லை. பாவித்த கார் ஒன்று வாங்கினீர்கள், அதோடு கிடைத்தது ஒரே ஒரு திறப்பு. நேற்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சாமான் வாங்கப் போன இடத்தில் அதுவும் தொலைந்துவிட்டது. கார் இன்னும் அந்த பிளாசாவில் நிற்கிறது. டீலரிடம் போவதா, பொலிஸுக்குச் சொல்வதா, எவ்வளவு காசு முடியும்?

காசு முடியத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு என்பது நீங்கள் முதலில் யாருக்குப் போன் எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. போனில் தேடியதும் மேலே வருகிற நம்பருக்கு அடித்துவிடாதீர்கள். முதல் அழைப்பு பிளாசாவின் நிர்வாக அலுவலகத்துக்குப் போகட்டும். இரவிரவாக நிற்கும் காரை அவர்கள் இழுத்துக்கொண்டு போகச் செய்யக்கூடும். அப்படி நடந்தால் திறப்புச் செலவோடு இழுத்த கூலியும், வளவில் வைத்திருந்த கூலியும் சேர்ந்துவிடும். கார் இலக்கத்தையும் உங்கள் போன் நம்பரையும் கொடுத்து, ஓரிரு நாளில் எடுத்துவிடுகிறோம் என்று கேளுங்கள். சரி என்று சொன்னவரின் பெயரைக் குறித்து வையுங்கள். கார் வீதியில் நின்றிருந்தால் இந்த அவகாசம் கிடைக்காது. ரொறன்ரோவில் அறிவிப்புப் பலகை இல்லாத தெருவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது.

அதே அழைப்பில் பனி தள்ளும் ஆட்களைப் பற்றியும் கேளுங்கள். குளிர்காலத்தில் திறப்பு தொலையும் விதமே வேறு. ஜக்கெற் பையிலிருந்து கையுறையை இழுக்கும்போது திறப்பும் கூடவே வந்து பனிக்குள் விழும், சத்தமே கேட்காது. இரவு பனி தள்ளும் பிளாவ் வண்டி வந்து அந்தப் பனியை அப்படியே ஒரு மூலையில் மலையாகக் குவித்துவிடும். பனி கரையும்போது அந்தக் குவியல்களில் இருந்து திறப்புகள் வெளியே வருவதுண்டு. கண்டால் அறிவிக்கச் சொல்லி வையுங்கள்.

போன கடைகள் எல்லாவற்றிலும் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் நேரில் கேளுங்கள். போனில் கேட்டால் அரைகுறையாகப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். தள்ளுவண்டியில் பிள்ளையை இருத்தும் இடம், ஜக்கெற்றின் கிழிந்த உள்துணி, வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த மரக்கறிப் பை என்று ஒன்றும் விடாதீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பியிருந்தால், ரொறன்ரோ பஸ், சப்வேயை நடத்தும் டிடிசியின் தொலைந்த பொருள் அலுவலகம் பே சப்வே நிலையத்தில் இருக்கிறது. காரின் கண்ணாடி வழியாக டோர்ச் அடித்தும் பாருங்கள். திறப்பு உள்ளே சீற்றில் கிடந்தால் இது சின்ன வேலை. வீதியோர உதவி தரும் சிஏஏ வாகனச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் கைப்பேசியில் *222 அழுத்தினால் வந்து கதவைத் திறந்து தருவார்கள். காப்புறுதிப் பத்திரத்திலோ கடன் அட்டையிலோ வீதியோர உதவி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்குமே இல்லை என்றால் புதுத் திறப்புத்தான். நாங்கள் வந்த காலத்தில் கார்த் திறப்பு வெறும் இரும்பு, சில டொலருக்குக் கடையில் வெட்டித் தருவார்கள். இன்றைக்கு அதற்குள் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. அதன் குறியீட்டைக் காரின் கணினி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். களவைத் தடுக்க வந்த இந்த இம்மொபிலைசர், கனடாவில் விற்கும் புதுக் கார்களுக்கு 2007 செப்டெம்பர் முதல் கட்டாயம். ஆகவே வெட்டுவதோடு வேலை முடியாது, காரோடு சேர்த்து புரோகிராம் பண்ண வேண்டும். கையில் ஒரு திறப்பு இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது சுலபம். ஒன்றுமே இல்லாதபோது பல கார்களில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

இதற்கு இரண்டு வழி. டீலரிடம் போனால், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் இலக்கத்தை வைத்து (ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியிலிருந்தே தெரியும்) திறப்பை ஓடர் பண்ணுவார்கள். வருவதற்குச் சில நாள் ஆகலாம். புரோகிராம் பண்ணக் கார் அங்கே போக வேண்டும், அதற்குக் காரை இழுத்துச் செல்லும் டோ ட்ரக் வேண்டும். மற்ற வழி, கார் வேலை மட்டும் செய்கிற லொக்ஸ்மித், அதாவது பூட்டு, திறப்பு வேலைக்காரர். அவர் தன் வான் வண்டியோடு வந்து, கார் நிற்கும் இடத்திலேயே திறப்பு வெட்டி, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள சொக்கற்றில் கருவியைக் கொழுவி புரோகிராம் பண்ணித் தருவார். எப்படியும் சில நூறு டொலர் ஆகும். ஆனால் டோ செலவு இல்லாததால் பழைய கார்களுக்கு இரண்டாவது வழியே நல்லது என்பது என் அபிப்பிராயம். அண்மையில் வந்த மொடல்கள் சிலவற்றுக்கு டீலரை விட்டால் வேறு வழியில்லை.

லொக்ஸ்மித் விடயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. "19 டொலரில் இருந்து" என்று விளம்பரம் போடுகிறவர்கள் வந்து நின்ற பிறகு நானூறு, ஐந்நூறு என்பார்கள். குளிரில் பிள்ளையோடு நிற்கிறவர் அப்போது என்ன செய்வார்? ஊருக்குப் புதியவர், மொழி தடுமாறுகிறவர் என்று பார்த்துத்தான் விலையை ஏற்றுகிறார்கள். அதனால் போனிலேயே முழுத் தொகையைக் கேளுங்கள்: வந்து போகும் கூலி, வெட்டுவது, புரோகிராம் பண்ணுவது, 13 வீத எச்எஸ்டி விற்பனை வரி எல்லாம் சேர்த்து. அதை குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிறவரும், வந்ததும் பூட்டைத் துளைக்க வேண்டும் என்கிறவரும் வேண்டாம். நேர்மையான ஆள் உங்களிடம் லைசென்ஸும், ஓனர்ஷிப் என்கிற கார் பதிவுப் பத்திரமும் கேட்பார். அது உங்கள் காருக்கும் பாதுகாப்புத்தான். ஓனர்ஷிப் காருக்குள் பூட்டுப்பட்டிருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், கதவைத் திறந்த பின் காட்டலாம்.

டோ ட்ரக் தேவைப்பட்டாலும் நீங்கள் கூப்பிட்டதே வர வேண்டும். ஒன்ராறியோவில் 2024 முதல் டோ கொம்பனிகளுக்கு மாகாணச் சான்றிதழ் கட்டாயம். எங்கே இழுப்பது என்று தீர்மானிப்பதும், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் நீங்கள்.

பொலிஸுக்கு? கைதவறி விழுந்தது என்றால் தேவையில்லை. பையோடு களவு போயிருந்தால் கட்டாயம் முறையிடுங்கள், அந்த முறைப்பாட்டு இலக்கத்தைக் காப்புறுதி கேட்கும். அந்தப் பையில் லைசென்ஸும் இருந்திருந்தால், அதில் உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறது. திறப்புக் கோர்வையில் வீட்டுத் திறப்பும் இருந்தால் பூட்டை மாற்றுங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடம் சொல்லி, கட்டிடக் கதவைத் திறக்கும் ஃபொப்பை நிறுத்துங்கள். கார் வேலை நடக்கும்போது, தொலைந்த திறப்பைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். கார்க் களவு மலிந்த ஊர் இது. அழித்துவிட்டால் யாரிடம் அது கிடைத்தாலும் எஞ்சின் இயங்காது.

காப்புறுதியில் கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் டிடக்டிபிள் (செலவில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு) 500 டொலராக இருந்து திறப்பும் அந்த அளவுதான் என்றால் பலனில்லை.

ஆள் வந்து வேலை செய்யும்போது இரண்டாவது திறப்பையும் அதே தடவையிலேயே போட்டு வாங்குங்கள். கருவி கொழுவியிருக்கும்போது இன்னொன்று சேர்க்க அதிகம் ஆகாது. கையில் காசு இறுக்கம் என்று தெரியும், இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்களைப் போல் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்லுங்கள், இரண்டு திறப்பும் தராவிட்டால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லி.

அடுத்தது, தொலைந்த திறப்பைத் திருப்பிக் கொடுக்கிற வோர் ஆம்ப்ஸ் (War Amps) அமைப்பு. தபாலில் இவர்களுடைய கடித உறை வரும், உள்ளே திறப்புக் கோர்வையில் மாட்டுகிற சின்ன அட்டை இருக்கும். விளம்பரக் கடதாசி என்று நினைத்து எங்கள் ஆட்கள் பலர் எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். முதலாம் உலகப் போரில் அவயவம் இழந்தவர்கள் 1918இல் தொடங்கிய அமைப்பு இது. 1946இல், அடுத்த போரில் அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இந்த அட்டைச் சேவை வந்தது. அட்டையில் உங்கள் பெயரோ விலாசமோ இருக்காது, ஒரு இரகசிய இலக்கம் மட்டும். கண்டெடுத்தவர் இலவச எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது கனடாவில் எந்தத் தபால்பெட்டியிலும் போட்டுவிடலாம். உங்களுக்கு இலவசமாக வந்து சேரும். 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட திறப்புக் கோர்வைகளை இப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நன்கொடை உங்கள் விருப்பம், அது கை கால் இழந்த பிள்ளைகளுக்குப் போகிறது. போரில் கால் இழந்தவர்களை ஊரில் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்த வேலையின் அருமை விளங்கும். உறை இன்னும் வராவிட்டால் அவர்களின் தளத்தில் கேட்டாலே அனுப்புவார்கள்.

லொக்ஸ்மித் விலை சொன்னால் ஒப்புக்கொள்ள முதல் எனக்கு எழுதுங்கள். காரின் வருடம், மொடல், பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் பண்ணுவதா திருகுவதா என்பதையும் சேர்த்து எழுதினால், விலை நியாயமா என்று சொல்லிவிடுவேன்.