ஸ்பிட்டிக்குப் போகும் மஹிந்திரா தார்: முதலில் எடை மேடை, பிறகு பட்டறை

கேள்வி: என்னிடம் 2022 மாடல் மஹிந்திரா தார் இருக்கிறது. டீசல், நான்கு சக்கர இயக்கம், 18 அங்குல ரிம். அடுத்த ஆண்டு நானும் மனைவியும் கோவையிலிருந்து சிம்லா வழியாக இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய், குன்சும் கணவாயைக் கடந்து மணாலியில் இறங்கத் திட்டமிட்டிருக்கிறோம். மாற்றங்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். இரும்பு பம்பர், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச், வண்டியை உயர்த்தும் மூன்று அங்குல லிஃப்ட், பெரிய டயர், இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று தரும் ஸ்நார்க்கல் குழாய், கூரைக் கூடாரம், இரண்டாவது பேட்டரி, எரிபொருளுக்கு இரண்டு ஜெர்ரிகேன் என்று பட்டறையில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எவை அவசியம் ஐயா?

பதில்: பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதலில் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிச் செல்லுங்கள். ஜல்லி லாரிகள் ஏறும் அதே எடை மேடைதான். டேங்க் நிரம்பியிருக்கட்டும், நீங்கள் இருவரும் உள்ளே இருங்கள். முழு வண்டியை ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும் எடை போட்டு, இரண்டு சீட்டுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். சுமையோடு சேர்த்து வண்டி அதிகபட்சம் எத்தனை கிலோ இருக்கலாம் என்பதை ஆர்.சி.யிலும் நிறுவனத்தின் கையேட்டிலும் பார்க்கலாம். அதிலிருந்து சீட்டில் உள்ள எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் பணம் தீரும் முன்பே இந்தக் கிலோக் கணக்கு தீர்ந்துவிடும்.

பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். பம்பர் 45 கிலோ, வின்ச் 35, கூரைச் சட்டம் 35, கூடாரம் 60, ஈய பேட்டரி 25, நிரம்பிய இரண்டு கேன்கள் 40, பெரிய டயர்கள் ஐந்தால் கூடுவது 40. தோராயமாக 280 கிலோ. இன்னும் ஒரு குடம் தண்ணீர்கூட ஏற்றவில்லை. இதில் ஏறக்குறைய நூறு கிலோ கூரைமேல் போகிறது. ஒரு பக்கம் சரிந்த பாதையில் வண்டியைக் கவிழ்க்கப் பார்ப்பது அந்த நூறு கிலோதான். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைவதற்கும் கூடுதல் எடை ஒரு காரணம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். போக வர உங்கள் ஓட்டம் 5,500 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் மிகக் கரடுமுரடானது, குன்சும் கணவாயைத் தாண்டிப் போகும், லோசரிலிருந்து கிராம்பூ வரையிலான சுமார் 80 கிலோமீட்டர். மீதியில் பெரும்பகுதி தார்ச்சாலை. அந்த எண்பது கிலோமீட்டருக்காக வண்டியின் குணத்தையே மாற்றிவிட்டால், மற்ற நாளெல்லாம் நெடுஞ்சாலையில் தள்ளாடிக்கொண்டு போவீர்கள்.

லிஃப்ட் வேண்டாம். தாரின் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. மூன்று அங்குலம் தூக்கினால் முன் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுகள் எப்போதும் கூடுதல் கோணத்தில் மடங்கியே சுழலும். அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். பின்பக்கம் ஒரே அச்சு. அங்கே தரைக்கு மிக அருகில் இருப்பது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் குண்டு ஓர் அங்குலம்கூட உயராது. நிறுவனம் தரும் 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி குன்சும் பாதைக்குப் போதும்.

பணத்தை டயரில் போடுங்கள். அதே 255/65 ஆர்18 அளவில், தார்ச்சாலைக்கும் கல் பாதைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் வகையில், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். சுமை தாங்கும் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. கூடவே 12 வோல்ட் கம்ப்ரசர், நல்ல அளவுமானி, ட்யூப்லெஸ் பஞ்சர் கிட். கல் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 24, 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுங்கள். டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், உங்கள் இடுப்பும் தப்பிக்கும். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். உயரத்தில் வெளிக் காற்றழுத்தம் குறைவதால், கோவையில் பிடித்த காற்றையே குன்சுமில் மானி ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஊகம் செய்யாமல், ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவில் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள்.

ஸ்நார்க்கல் பற்றி. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் என்கிறது நிறுவனம். அதற்கு மேல் ஓடும் பனிநீரில் ஸ்நார்க்கல் இருந்தாலும் இறங்கக் கூடாது. இன்ஜின் மூச்சுவிடும், வண்டி அடித்துச் செல்லப்படும். அந்தப் பணத்தில் சிறு பங்கைச் செலவழித்து டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் இவற்றின் மூச்சுக் குழாய்களை நீட்டிவிடுங்கள். சூடான அச்சு பனிநீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுக் குழாயின் வாய் தாழ்வாக இருந்தால் அச்சு அதன் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிடும். ஸ்பிட்டி போய் வந்த ஒரு வண்டியில் பின் அச்சின் போல்ட்டைத் திருகினேன். வடிந்தது எண்ணெய் நிறத்திலேயே இல்லை. பால் ஊற்றிய டீ போல இருந்தது. சில நூறு ரூபாய் ரப்பர் குழாயைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் இறுக்கியிருந்தால் அந்த பேரிங்குகள் பிழைத்திருக்கும். ஊர் திரும்பியதும் உங்கள் அச்சு எண்ணெயையும் ஒருமுறை பாருங்கள்.

பம்பரையும் வின்சையும் தயங்காமல் நீக்குங்கள். முன்னால் பொருத்தும் இரும்புக் காப்புகளை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது. வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் தேடிப் பிடிப்பதும் இதைத்தான். மேலும், மரமே அரிதான ஸ்பிட்டியில் வின்ச் கயிற்றை எதில் கட்டுவீர்கள்? ஒரு ஜோடி மணல் பலகை, மண்வெட்டி, நீளும் தன்மையுள்ள மீட்புக் கயிறு, கயிற்றை மாட்ட, சுமை அளவு பொறித்த இரண்டு ஷேக்கிள்கள் (இரும்பு வளையங்கள்) போதும். கயிற்றைக் கையேட்டில் குறித்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது தெறித்தால் பின்னால் நிற்பவர் உயிர் போகும்.

எரிபொருள் கவலையும் பெரிதில்லை. 57 லிட்டர் டேங்க் இருக்கிறது, காஸாவில் பம்ப் இருக்கிறது, அங்கிருந்து மணாலி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பத்து லிட்டர் கேன் ஒன்று போதும்.

கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரைக் கூடாரம் வாங்குங்கள். காஸா, தாபோ போன்ற ஊர்களில் தங்கும் வீடுகளும் கிடைக்கும்.

இரண்டாவது பேட்டரி, மொபைலும் கேமராவும் சார்ஜ் செய்வதற்காக மட்டும் என்றால் வேண்டாம். குளிர்பெட்டி வைப்பதாக இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை வண்டிக்குள்ளேயே, வண்டியின் மின்சாரத்தை அதற்கேற்பச் சீராக்கித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக வையுங்கள். ஈய பேட்டரியின் எடையில் பாதிகூட இருக்காது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்; குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வயரிங்கை நீங்களே குனிந்து பாருங்கள். வேறொரு பட்டறையில் குளிர்பெட்டி இணைத்த வண்டி ஒன்று புகை வாடையோடு என்னிடம் வந்தது. மிதியடியைத் தூக்கினால், தகட்டின் விளிம்பில் உரசி உரசி உறை தேய்ந்த வயர், செம்பு பளபளக்கக் கிடந்தது. பேட்டரி அருகே ஃப்யூஸ் இல்லை. தீப்பற்றாதது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூடக் கூடாது.

பின் சீட்டைக் கழற்றாமல் மடித்து, அங்கே 12 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டி ஒன்று செய்து ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். கனமானவை அடியில், சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். அவசர பிரேக்கில் தலைக்குப் பறந்து வரும் அடுப்பைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

எல்லாம் ஏற்றிய பின் மீண்டும் எடை மேடை. பின் அச்சில் நிரந்தரமாக 150 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் மட்டும், அந்த எடைக்கேற்ற பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றுங்கள். பிறகு அதே சுமையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி, இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள். தொடாமல் திரும்பிய பொருட்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். புதிதாகப் பொருத்திய ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் செப்டம்பரின் முதல் பாதியைப் பாருங்கள். பனி உருகுவது குறைந்து, பாதையைக் குறுக்கே வெட்டும் மலை ஓடைகளான நாலாக்களில் தண்ணீர் இறங்கியிருக்கும். அப்போதும் குன்சுமைத் தாண்டியதும் வரும் பாத்தலுக்கும் சத்ருவுக்கும் இடையிலான நாலாக்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும்.