கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விடணும், மேனேஜர் அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடலாமா?

கேள்வி: கொடைக்கானல்ல ரெண்டு பெட்ரூம் வீடு இருக்கு, நாங்க இருக்கறது மதுரைல. நாள் வாடகைக்கு விட்டுத் தர்றேன்னு ஒரு மேனேஜர் வந்திருக்கார், கமிஷன் 25%. "ஆக்குபென்சி 60, ஏடிஆர் 4500"ங்கறார், ஒண்ணும் புரியல. கையெழுத்து போடலாமா?

பதில்: இப்ப போடாதீங்கம்மா. ஏடிஆர்னா ஆள் தங்குன ராத்திரிக்கு மட்டும் சராசரி வாடகை, காலியா கிடந்த ராத்திரி அந்தக் கணக்குலயே வராது. ஆக்குபென்சின்னா நூறு ராத்திரிக்கு எத்தன ராத்திரி ஆள் இருந்துச்சுங்கறது. மாசம் 30 ராத்திரி, 12 ராத்திரி போச்சு, வரவு 54,000னு வைங்க. ஏடிஆர் 4500 சரிதான், ஆனா ஆக்குபென்சி 40 தானே வரணும்? 10 நாள "மராமத்து"ன்னு காலண்டர்ல பிளாக் பண்ணிட்டு மிச்ச 20க்கு கணக்கு போட்டா 60 வந்துரும். அதனால ரெவ்பார் கேளுங்க, மொத்த வரவ 30ஆல வகுத்தா 1800, உங்க வீட்டோட ஒரு ராத்திரி வரும்படி அவ்வளவுதான். மே மாச கணக்க மட்டும் காட்டுனா விடாதீங்க, ஜூலை மழைல வார நாள் எப்படி போச்சுன்னு கேளுங்க.

25% எதுல? கெஸ்ட் கட்டுற மொத்தத்துலயா, புக்கிங் ஆப் எடுத்தது, கிளீனிங் சார்ஜ் எல்லாம் கழிச்ச மிச்சத்துலயான்னு எழுத்துல வாங்குங்க.

எல்லாத்தையும் விட இதத்தான் நான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்: ஆப்ல வீட்டுக்குப் போடற லிஸ்டிங் உங்க பேர்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும், பணம் உங்க பேங்க்குக்கு வரணும், மேனேஜர கோ-ஹோஸ்ட்டா, அதாவது கூட இருந்து பாத்துக்கறவரா மட்டும் சேத்துக்கோங்க. ஏற்காட்டுல ஒருத்தர் ரெண்டு வருஷம் மேனேஜர் அக்கவுண்ட்லயே ஓட்டுனார், பிரிஞ்சப்ப 80 ரிவ்யூவும் மேனேஜரோடவே போச்சு, புது லிஸ்டிங் போட்டு சீசன்லயே ஒரு புக்கிங் வராம உக்காந்திருந்தார். எனக்கு அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அடுத்து ஜிஎஸ்டி. "வாடகைக்கு வரி கட்டணும்"னு மேனேஜருங்க உங்க பணத்துல பிடிப்பாங்க. உங்க வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ளன்னா ஆப் வழியா வர்ற புக்கிங்குக்கு வரிய ஆப்பே கட்டிரும், உங்ககிட்ட பிடிக்க வேலையே இல்ல. ஆனா அந்த 20 லட்சத்துல இந்த வீடு மட்டும்னு நெனைக்காதீங்க, மதுரைல வீடோ கடையோ வாடகைக்கு விட்டிருந்தா, வியாபாரம் இருந்தா, ஒரே பான் நம்பர்ல வர்ற அந்த வரவும் சேரும், வீட்டு வாடகைக்கு வரி இல்லேன்னாலும் இந்தக் கூட்டல்ல அது உண்டு. தாண்டுனா நீங்களே பதிவு பண்ணணும். மேனேஜர் தன் கமிஷனுக்கு 18% போடறது வேற விஷயம், அவர் பதிவு பண்ணவர்னா நியாயம்தான், ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வாங்கிக்கோங்க.

வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல ஏத்தணும், அது யார் வேலைன்னும் அக்ரிமெண்ட்ல வரட்டும். நாள் வாடகைக்கு விடறதுக்கான லைசென்ஸ் விஷயந்தான் கொடுமை, ஒரு கவுன்டர்ல கேட்டா அடுத்த கவுன்டர காட்டுறாங்க, அங்க போனா "இது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல"ங்கறாங்க, ஒழுங்கா அனுமதி வாங்க நெனைக்கிறவங்கள இப்படி அலைய விட்டா புரோக்கர்கிட்ட போகாம என்ன பண்ணுவாங்க? "எல்லாம் நான் பாத்துக்கறேன்"னு மேனேஜர் சொன்னா நம்பிராதீங்க, சீல் வெச்ச பேப்பர் உங்க பேர்ல கைக்கு வந்த பிறகு முதல் கெஸ்ட்டுக்கு சாவி குடுங்க.