எரிந்த பாலத்தைப் பார்க்கப் போகலாமா?

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுவிசுக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். லுசேர்ன் நகரத்து மரப்பாலத்தைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்ததிலிருந்து அதைப் பார்க்க ஆசை. ஆனால் அத்தான், "அது 93இல் எரிஞ்சுபோச்சு, இப்ப இருக்கிறது பழசு மாதிரிச் செய்து வைச்சது, அதுக்கு ஒரு நாளை வீணாக்காமல் ரைன் அருவிக்குப் போவம்" என்கிறார். உண்மையா? போவதில் பிரயோசனம் இருக்கிறதா?

க., கோண்டாவில்

அன்புள்ள க.,

அத்தான் சொன்னதில் பாதி சரி. 1993 ஆகஸ்ட் 17 இரவுக்கும் 18 விடியலுக்கும் இடையில் பாலத்தின் நடுப்பகுதி எரிந்துதான் போனது. கீழே கட்டியிருந்த படகிலிருந்து தீ ஏறியது என்பார்கள், யாரோ போட்ட சிகரெட் துண்டு என்றும் சொல்வார்கள். ஆனால் இரண்டு முனைகளும், பாலத்தை ஒட்டி ஆற்றுக்குள் நிற்கிற எண்கோணக் கற்கோபுரமும் தப்பிவிட்டன. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், திரும்பத் திறந்தும் விட்டார்கள்.

எரிந்த இடத்துக்குப் புது மரம் வந்தது என்பதற்காகப் பாலமே புதிது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தண்ணீருக்குள் நிற்கிற மரம் உக்கும், கூரை ஒழுகும், பலகை தேயும். 14ஆம் நூற்றாண்டில் கட்டினதை இவ்வளவு காலமும் மாற்றி மாற்றிப் பழுதுபார்த்துத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நல்லூரைப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1621இல் இடித்த கோயில் வேறு, இப்போது நாங்கள் கும்பிடுவது 18ஆம் நூற்றாண்டில் எழும்பியது, அதற்குப் பிறகும் எத்தனை திருப்பணி, எத்தனை கோபுரம். அதற்காக நல்லூரைப் புதுக்கோயில் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? அத்தானிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

போனது என்னவென்றால் படங்கள். அதைத்தான் அத்தான் சொல்லியிருக்கவேண்டும். கூரையின் உட்பக்கம் குறுக்குச் சட்டங்களுக்கு மேலே முக்கோணப் பலகைகளில், 17ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மன் என்ற ஓவியர் தீட்டிய படங்கள்: ஊர் வரலாறு, நாட்டு வரலாறு, ஊரைக் காக்கிற புனிதர்களின் கதைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஜெர்மன் மொழியில் பாட்டு மாதிரி இரண்டொரு வரி, ஓரத்தில் காசு கொடுத்த பிரமுகரின் குடும்பச் சின்னம். எங்கட கோயில் ரியூப்லைற்றில் 'உபயம்' எழுதுகிற பழக்கம்தான், வேறொன்றுமில்லை! தீயில் இவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. எரிந்துபோனதைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆளுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1981இல் எரிந்த எங்கள் நூலகக் கட்டடம் திரும்ப எழும்பிப் பிறகு திறக்கப்பட்டது, ஆனால் அதற்குள் இருந்த 97,000 வரையான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் வந்தனவா? கட்டினதைத் திரும்பக் கட்டலாம், தீட்டினதையும் எழுதினதையும் அப்படிச் செய்ய முடியாது. பாலத்தின் நடுவில் நடக்கும்போது படமில்லாத முக்கோணங்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வெறுமையை விட்டு வைத்தது நல்லது என்பதுதான் என் எண்ணம், புதுப்படம் வரைந்து நிரப்பியிருந்தால் அத்தான் சொன்ன 'பழசு மாதிரி' உண்மையாகவே வந்திருக்கும்.

இன்னொரு விஷயம். ஆறே இல்லாத ஊர்க்காரர் நாங்கள் (வழுக்கியாற்றை வைத்துக்கொண்டு சண்டைக்கு வரவேண்டாம், அது மாரிக்கு மட்டும்தான் ஆறு). எங்களுக்குப் பாலம் என்றால் பண்ணை, சங்குப்பிட்டி, பஸ்ஸில் இருந்தபடி கடந்துவிடுகிறவை. இந்தப் பாலத்தைக் கண்டதும் முதலில் வருகிற கேள்வி, ஏன் நேராகக் கடக்காமல் ரொய்ஸ் ஆற்றைச் சாய்வாக, வளைந்து கடக்கிறது என்பதுதான். ஆளைக் கரை சேர்ப்பது மட்டும் இதன் வேலையில்லை, ஊரை ஒட்டியிருக்கிற ஏரிப்பக்கத்தால் வருகிற எதிரியைத் தடுக்கிற நகர மதிலின் ஒரு துண்டு இது. ஏரியைப் பார்த்த பக்கத்துத் தடுப்பு மற்றப் பக்கத்தைவிட உயரமாக இருப்பதும் அதனால்தான், நின்று பார்த்தால் தெரியும். கோபுரம் பாலத்துக்கும் மூத்தது. சிறை, சித்திரவதைக்கூடம், நகரத்தின் பணமும் பத்திரங்களும் வைக்கிற இடம் எல்லாமாக இருந்திருக்கிறது. கோடையில் பாலத்தின் வெளிப்பக்கமெல்லாம் பூத்தொட்டி கட்டிவிடுவார்கள், எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். சரி, நீங்களும் எடுங்கள், ஆனால் உள்ளே போனதும் ஃபோனை வைத்துவிட்டு அண்ணாந்து நடவுங்கள்.

அப்புறம், அங்கேயே திரும்பிவிடாதீர்கள். ஆற்றோடு கீழே கொஞ்சம் நடந்தால் கூரை போட்ட இன்னொரு மரப்பாலம் வரும், ஸ்ப்ரொயர் பாலம். என்னைக் கேட்டால் அதுதான் ஒருபடி மேல். அதுவும் 17ஆம் நூற்றாண்டுப் படங்கள்தான், காஸ்பர் மெக்லிங்கர் தீட்டியவை, எல்லாவற்றிலும் வருகிறவன் யமன். எலும்புக்கூட்டு உருவத்தில் வந்து பிரபுவையும் வியாபாரியையும் மதகுருவையும் மணப்பெண்ணையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான், சிலதில் சிரிப்பும் வரும். அம்மாவுக்கு மனம் ஒருமாதிரி ஆகுமென்றால் படத்தை விளக்காமல் விட்டுவிடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ஆற்றுக்குக் குறுக்கே மரக்கட்டைகளை வரிசையாக நட்டு வைத்த ஓர் அணை இருக்கிறது. ஏரித் தண்ணீர் கூடினால் கட்டைகளைக் கழற்றுவார்கள், குறைந்தால் திரும்பச் செருகுவார்கள். 19ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. எங்கள் வாய்க்கால் மதகைத் திறந்து மூடிய ஆட்களுக்கு நின்று பார்க்கப் பிடிக்கும்.

காலையில் நேரத்தோடு போங்கள், பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாக் கூட்டத்தில் பாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது, ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை. ரைன் அருவிக்கு இன்னொரு நாள் போகலாம். இரண்டு பாலத்துக்கும் டிக்கெட் இல்லை என்பதை மட்டும் அத்தானிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.