கர்ப்ப காலத்தில் அரிப்பு: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துப் பெண்கள் கேட்டவற்றுக்கு, தாய்சேய் நலக் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் பதில் சொல்கிறார்.

மிஸ்ஸி, ஆறாம் மாதம். வயிறு மட்டும் அரிக்கிறது. பயப்படலாமா?

வேண்டாம்மா. தோல் விரிவதாலும் நம் ஊர்ப் புழுக்கத்தாலும் வருவதுதான். தொளதொளப்பான பருத்தி உடை போடுங்கள், சுடுநீரில் குளிக்காதீர்கள், கலமைன் தடவலாம்.

எனக்கு 32 வாரம். ராத்திரியானால் உள்ளங்கை, உள்ளங்கால் தாங்க முடியாத அரிப்பு. தடிப்பே இல்லை. மாமியார் சூடு என்று வேப்பிலை அரைத்துத் தருகிறார்.

மாமியார் அக்கறையாகத்தான் செய்கிறார். ஆனால் நாளைக் காலையிலேயே பிங்க் புத்தகத்தை (கர்ப்பப் பதிவுப் புத்தகம்) எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். தடிப்பில்லாத அரிப்பு, அதுவும் கை கால்களில், இரவில் கூடுவது, கல்லீரல் கோளாறாக இருக்கலாம். பித்த அமிலம் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ‘பித்த அமிலமும் கல்லீரலும் பார்க்க ரத்தம் எடுங்கள்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பித்த அமில அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. அப்போது 35, 36 வாரத்திலேயே பிரசவம் பார்ப்பது பற்றி டாக்டர் பேசுவார். அளவு குறைவாக இருந்தால் அவ்வளவு அவசரம் இராது. சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, மலம் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே சொல்லுங்கள். இங்கிலாந்தில் பொதுவாக 1000 கர்ப்பிணிகளில் 7 பேருக்கு வருகிற இது, தெற்காசிய வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்கு வருகிறது. நம் பெண்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

ரத்தம் எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அரிப்பு நிற்கவில்லையே?

திரும்பப் போங்கள். சிலருக்கு அரிப்பு முதலில் வரும், ரத்தத்தில் பிறகுதான் தெரியும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுக் கோடுகளில் சிவப்புத் தடிப்பு, அப்படியே தொடைக்கும் பரவுகிறது.

தொப்புளை விட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லாத தடிப்புதான். டாக்டர் களிம்பு தருவார். தொப்புளைச் சுற்றி நீர்க்கொப்புளம் கிளம்பினால் அது வேறு நோய், தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

தலைப்பிரசவத்தில் எனக்கு அந்தக் கல்லீரல் அரிப்பு இருந்தது. இப்போது இரண்டாவது.

திரும்ப வர வாய்ப்பு அதிகம். முதல் செக்கப்பிலேயே சொல்லிப் புத்தகத்தில் எழுத வையுங்கள். உங்கள் தங்கைக்கும் சொல்லி வையுங்கள், இது குடும்பத்தில் ஓடும்.

அரிப்போடு குழந்தையின் அசைவும் இன்று குறைவு. கிளினிக் பூட்டிவிட்டார்கள்.

கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 999-க்கு அழையுங்கள்.