பட்டறை கேள்வி–பதில்: பேரிங் ஸ்டீல் வெடிப்பதும் துருப்பிடிப்பதும்

கேள்வி: இ.என். 31 என்ற பேரிங் ஸ்டீல் ரவுண்டில் (உருண்டைக் கம்பியில்) 25 மி.மீ. பருமனுக்குப் பின் (முளை) கடைந்து, கேஸ் விளக்கில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். மறுநாள் காலை பார்த்தால் நீளவாட்டில் விரிசல். ரவுண்டு மட்டமா?
– லேத் பட்டறைக்காரர், கடலூர் முதுநகர்

பதில்: ரவுண்டைத் திட்டாதீர்கள். இதில் கார்பன் ஏறத்தாழ 1%. குரோமியம் 1 முதல் 1.6% வரை. அந்தக் குரோமியத்தால், இந்தப் பருமன் எண்ணெயில் முக்கினாலே நன்றாக இறுகிவிடும். தண்ணீரில் மேல்தோல் சட்டென்று இறுகிவிடுகிறது. உள்பகுதி பின்னால் இறுகும்போது பருக்கிறது. விறைத்த தோலைப் பிளக்கிறது. இரவு முழுக்க டெம்பர் பண்ணாமல் (விறைப்புத் தணிய மறுபடி மிதமாகச் சூடாக்காமல்) போட்டு வைத்தது அடுத்த தப்பு.

கறுப்பு ரவுண்டு (உருட்டாலையிலிருந்து கறுப்புத் தோலோடு வருவது) என்றால் பக்கத்துக்கு 1.5 மி.மீ. தோலைக் கடைந்து எறியுங்கள். அங்கே கார்பன் எரிந்து போயிருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. கூர்மூலை வைக்காமல் வளைத்துவிடுங்கள். கிரைண்டிங்குக்கு 0.4 மி.மீ. விடுங்கள். உலையில் 830–850 டிகிரி; உள்வரை சூடு பரவியபின் அரை மணி. கேஸ் விளக்கு இதற்கு லாயக்கில்லை. 770 டிகிரிவாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும், அதை நம்பி எடுத்தால் கார்பைடு (கார்பன் உலோகத்தோடு சேர்ந்த கடினத் துகள்) போதுமான அளவு கரைந்திருக்காது. 900-ஐத் தாண்டவிட்டால் ஸ்டீலின் உள்மணிகள் (கிரெய்ன்) பெருத்து நொறுங்கும். குவென்ச்சிங் எண்ணெயை 50–60 டிகிரிக்குச் சூடாக்கி அதில் முக்குங்கள். கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும், சில்லென்று ஆறவிடாமல், 160 டிகிரியில் 2 மணி நேரம் டெம்பர். கடினம் ராக்வெல் சி அளவில் 60-க்கு மேல் நிற்கும். தேய்மானத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தப் பின், அடி வாங்குகிற இடத்தில் என்றால் இது வேண்டாம், அடி தாங்கும் ஸ்டீலான இ.என். 24 போடுங்கள்.

கேள்வி: இறால் குட்டை ஏரேட்டரில் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் எந்திரம்) 6205 இசட்.இசட். பேரிங் சீக்கிரமே துருப்பிடித்து இரைகிறது. குரோம் ஸ்டீல் என்றுதானே விற்கிறார்கள்?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: பெயரில்தான் குரோம். துருவைத் தடுக்கக் குறைந்தது 11% அளவுக்குக் குரோமியம் வேண்டும். இதில் இருப்பது 1.5% போல, அதிலும் ஒரு பங்கு கார்பைடுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் ஓடுபாதையில் குழி விழும், குண்டு உருள உருள அந்தக் குழியின் ஓரம் செதில் செதிலாகப் பெயரும்.

இசட்.இசட். என்பது தகர மூடி; தூசியை மறிக்கும், தண்ணீரை மறிக்காது. 2ஆர்.எஸ். ரப்பர் சீல் வாங்குங்கள், அளவு அதே 25, 52, 15 மி.மீ. அதையும் ஓட்டி முடித்த சூட்டோடு தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 440சி ரக ஸ்டெயின்லெஸ் பேரிங் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். விலையும் உப்புக் கரிக்கும்.

கேள்வி: பேரிங்கை விளக்கால் சூடாக்கி ஷாஃப்டில் ஏற்றலாமா?
– மெக்கானிக், வில்லியனூர்

பதில்: கூடாது. ஒரே இடத்தில் சூடு ஏறிக் கடினம் இறங்கிவிடும். எண்ணெய்க் குளியலிலோ இண்டக்ஷன் ஹீட்டரிலோ (மின்காந்தத்தால் சூடாக்குவது) 110 டிகிரி போதும். சீல் வைத்ததை எண்ணெயில் போடாதீர்கள். அதற்கு 80 டிகிரிதான் எல்லை.