வளர்ப்புப் பிள்ளைக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் சம்மன்ஸ்

கேள்வி: நானும் கணவரும் வடமேற்கு லண்டனில் ஃபாஸ்டர் பெற்றோராக இருக்கிறோம். 15 வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்த ஒரு தமிழ்ப் பையனை எங்கள் கவுன்சில் எங்களிடம் ஒப்படைத்தது. இப்போது அவனுக்கு 21. அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. போன வருடம் ஒரு நண்பனோடு சேர்ந்து வேறு கவுன்சில் பகுதியில் வாடகை வீடு எடுத்துப் போனான். சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேர வேலை, மாலையில் கல்லூரி. கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கவுன்சில் போடும் வரி) கடிதங்களை உடைக்காமலே லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறான். இப்போது நீதிமன்றத்திலிருந்து சம்மன்ஸ் வந்துவிட்டது. கேர் லீவர்களுக்கு (கவுன்சிலின் பராமரிப்பில் வளர்ந்து வெளியே வந்தவர்களுக்கு) சலுகை உண்டாமே என்று கேட்டால், “நான் கேரில் வளர்ந்தவன் என்று அவர்களுக்கும் சொல்ல வேண்டுமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “நாங்களே கட்டிவிட்டுப் போவோம்” என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு நீங்கள் கட்ட வேண்டாம். உங்கள் கணவரின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கட்டிவிட்டால் இந்த வருடத்துப் பிரச்சினை மட்டும்தான் தீரும். அடுத்த ஏப்ரலில் புது பில் வரும், தம்பி அதையும் லாச்சிக்குள் போடுவான். 25 வயது வரை அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு சலுகையை இப்போதே கேட்டு வாங்கிவிடுவதுதான் நல்லது.

முதலில் சம்மன்ஸைக் கையில் எடுத்து விசாரணைத் தேதியைப் பாருங்கள். சம்மன்ஸ் கொடுத்து 14 நாளாவது கழித்துத்தான் விசாரணை நடக்கும். அந்த நாட்கள்தான் உங்களுக்குள்ள அவகாசம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அன்றைக்குப் பார்ப்பது பில் முறைப்படி போடப்பட்டதா, காசு கட்டப்பட்டதா என்பதைத்தான். “சலுகைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்” என்று அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது. ‘கட்டியே ஆக வேண்டும்’ என்ற லயபிலிட்டி ஆர்டரைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சம்பளத்தில் பிடிப்பது, வீட்டுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் கவுன்சிலின் கையில் இருக்கும். அதனால் விசாரணைக்கு முன்பே, நாளைக்கே, பில் போட்ட கவுன்சிலுக்கு எழுத வேண்டும்.

என்ன எழுதுவது? 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் 13ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. யாருடைய கவுன்சில் டாக்ஸையும் குறைக்கவோ முழுவதும் தள்ளுபடி செய்யவோ கவுன்சிலுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. இங்கிலாந்தில் கேர் லீவர் சலுகை பெரும்பாலும் இந்தப் பிரிவின் கீழ்தான் கொடுக்கப்படுகிறது. கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. தம்பியின் பெயரில் இப்படிப் போகட்டும்: “என் வயது 21. நான் கேர் லீவர். 13ஏ(1)(சி) பிரிவின் கீழ் என் கவுன்சில் டாக்ஸை வாடகை தொடங்கிய நாளிலிருந்து குறைக்கும்படி கேட்கிறேன். முடிவு தெரியும்வரை விசாரணையைத் தள்ளிவைத்து, வசூல் நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். சம்மன்ஸ் செலவையும் நீக்குங்கள்.” பில்லில் உள்ள அக்கவுண்ட் நம்பரை மறக்காமல் போடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே நாளில் போன் பண்ணிக் கிடைத்ததா என்று கேளுங்கள்.

இனித் தம்பியின் மனக்கஷ்டம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில் “அப்பா அம்மா எங்கே தம்பி?” என்று கேட்டுக்கேட்டே நமது ஆட்கள் அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். தாய் தகப்பனைப் பிரிந்து வந்த பிள்ளை, அதை ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு அலுவலரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது கொடுமைதான். ஆனால் இந்தச் சலுகைக்கு அவன் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வளர்ந்த கவுன்சிலின் லீவிங் கேர் டீம், ‘இவர் எங்கள் கேர் லீவர்’ என்று உறுதி செய்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும். எப்படி வந்தான், யாரை இழந்தான் என்பதெல்லாம் டாக்ஸ் பிரிவுக்குத் தேவையில்லாத விஷயம். கூட இருக்கும் நண்பனுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை அவனிடம் ஆறுதலாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் அவன் நம்புவான்.

அந்தக் கடிதத்தை எடுத்துத் தர வேண்டியவர், கேர் லீவருக்கு வழிகாட்டக் கவுன்சில் வைத்துத் தரும் அவனுடைய பெர்சனல் அட்வைசர். 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது கவுன்சிலின் பராமரிப்பில் இருந்து, 16 வயதுக்குப் பிறகும் அதில் இருந்த பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. 15 வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தவனுக்கு அதில் சிக்கல் இருக்காது. 2017இல் வந்த பிள்ளைகள் மற்றும் சமூகப் பணிச் சட்டம் இந்த அட்வைசர் உதவியை 25 வயது வரை நீட்டியது. “18 முடிந்ததும் யாரும் போன் எடுக்கவில்லை” என்று அவன் சொன்னால், அவனே மறுபடி கேட்கலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் எங்கே என்றால், அவன் வளர்ந்தது ஒரு கவுன்சிலில், இப்போது இருப்பது இன்னொன்றில். சில கவுன்சில்கள் தங்கள் எல்லைக்குள் வசிக்கும் எந்தக் கேர் லீவருக்கும் கொடுக்கின்றன. சில, தாங்கள் வளர்த்த பிள்ளைகளுக்கு மட்டும் என்கின்றன. புதுக் கவுன்சில் இரண்டாவது ரகமாக இருந்தாலும் எழுதுங்கள். பொதுக் கொள்கையில் இடமில்லை என்பதற்காக, தனியொருவரின் நிலைமையைப் பார்க்கவே மாட்டோம் என்று அவர்கள் சொல்ல முடியாது. கூடவே பழைய கவுன்சிலையும் பிடியுங்கள். வெளியே குடிபோன தங்கள் பிள்ளைகளின் பில்லைத் தாங்களே கட்டிக் கொடுக்கும் கவுன்சில்களும் உண்டு. ‘லோக்கல் ஆஃபர்’ என்ற பெயரில் கேர் லீவர்களுக்கு என்னென்ன தருகிறோம் என்று ஒவ்வொரு கவுன்சிலும் வெளியிட வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற உதவி அவன் எந்தத் தெருவில் வீடு எடுத்தான் என்பதைப் பொறுத்து மாறுவது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. ஸ்காட்லாந்து 2018 ஏப்ரலில் 26 வயதுக்குக் கீழ்ப்பட்ட கேர் லீவர்களுக்கும், வேல்ஸ் 2019 ஏப்ரலில் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் நாடு முழுக்கச் சட்டமாகவே விலக்குக் கொடுத்தன. இங்கிலாந்தில் மட்டும் இதைக் கவுன்சில்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். சட்டப்படி அவனுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தது ஒரு கவுன்சில். அவன் மேல் வழக்குப் போடுவதும் ஒரு கவுன்சில். எந்தத் தாய் தகப்பன் தன் பிள்ளையை 21 வயதில் டாக்ஸுக்காகக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்? உங்கள் கவுன்சிலரிடமும் எம்.பி.யிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நண்பன் விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால் முழு டாக்ஸுக்கும் இருவரும் சேர்ந்தே பொறுப்பு. பல கவுன்சில்கள் கேர் லீவரின் பங்கை மட்டும் கழிக்கும். மீதியை நண்பன் கட்டாவிட்டால் உங்கள் பிள்ளையின் பெயரும் சேர்ந்தே இழுபடும். யார் எவ்வளவு கட்டுவது என்று இப்போதே பேசி முடித்துக்கொள்ளட்டும். அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தம் போட்டு விட்ட வீடென்றால் டாக்ஸ் பொதுவாக வீட்டுக்காரர் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

அப்புறம், குறைந்த வருமானக்காரர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷனுக்கும் அவன் தனியாக விண்ணப்பிக்கட்டும். அகதி அந்தஸ்து இருப்பதால் அதைக் கேட்க அவனுக்குத் தடை இல்லை. விசாவில் ‘பொது நிதி உதவி கிடையாது’ என்ற நிபந்தனை உள்ள பிள்ளைகள் மட்டும், எதற்கும் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். மாணவர் சலுகைக்கு வாரம் 21 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பதால் மாலைக் கல்லூரி அநேகமாகக் கணக்கில் வராது.

தனியாக வாழும் ஃபாஸ்டர் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 18 ஆன பிறகும் உங்களோடேயே இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் 25 வீதத் தனிநபர் தள்ளுபடி போய்விடக்கூடும். பிள்ளையைக் கூட வைத்திருப்பதற்காக நீங்கள் நட்டப்பட வேண்டியதில்லை. 18ஆவது பிறந்தநாளுக்கு முன்பே கவுன்சிலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கவுன்சில் மறுத்தால்? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஏற்க முடியாது என்று திரும்ப எழுதுங்கள். அதற்கும் இல்லை என்று பதில் வந்தாலோ, 2 மாதம் பதிலே வராவிட்டாலோ, கவுன்சில் டாக்ஸ் மேல்முறையீடுகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் டிரைபியூனலுக்குப் போகலாம். கவுன்சிலின் பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் போய்விட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கடிதம் எழுதக் கைத்துணை வேண்டுமென்றால் உங்கள் பகுதி சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாக உதவுவார்கள். சம்மன்ஸையும் வாடகை ஒப்பந்தத்தையும், அந்த லாச்சிக்குள் இருக்கும் உடைக்காத கடிதங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிப் போங்கள்.